தரை துடைக்கும் துணியின் வரலாறு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் உங்களுள் சிலர் நகைக்கக் கூடும். வீட்டுத் தரையைத் துடைக்கும் துணியைப் பற்றியே பேசப் போகிறேன். அதிலும், துவைத்துத் துவைத்து மீண்டும் பயன்படுத்தத்தக்க துணியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதைப் பற்றி. வரலாற்றுப் பேச்சு என்று அறிவித்துவிட்டு இவர் கந்தல் துணியை விரிக்கிறாரே என்று எண்ண வேண்டாம். அரசர்கள் நடந்த தரையையும் யாரோ ஒருவர் துடைத்துத்தான் இருக்கிறார். அவர் எதனால் துடைத்தார், எப்படிக் குனிந்தார் என்று கேட்டுப் பார்த்தால் அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

இப்பொருளில் எனக்கு நாட்டம் பிறந்த விதத்தை முதலில் கூறிவிடுகிறேன். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் பதினான்கு வகுப்பறைகள் இருந்தன. வயது முதிர்ந்த ஓர் அம்மையார் நாள்தோறும் அவற்றைத் துடைப்பார். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழந்துணி. குந்தியவாறே பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து துடைப்பார். ஒரு நாள் சுகாதாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அழுக்கு நீர் நோயைப் பரப்பும் என்று நான் சொல்லி முடித்ததும், பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, நம் அறை பதினான்காவது அறை. ஆயா இங்கு வரும்போது அந்தத் தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கும்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலையே போய்ப் பார்த்தேன். மூன்றாம் அறை முடிவதற்குள்ளேயே தண்ணீர் சேற்று நிறம் கொண்டுவிட்டது. எஞ்சிய பதினோர் அறைகளிலும் அந்த அம்மையார் செய்தது, அழுக்கை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் கொண்டுபோய்ப் பரப்பியதே. குற்றம் அவருடையதன்று. அத்தனை ஆண்டுகளாக அந்த வாளியை எட்டிப் பாராத என்னுடையது.

நம் நாட்டில் மண் தரை இருந்த காலத்தில் துடைத்தல் என்ற வேலையே இல்லை. பெருக்குவர், பின்னர்ச் சாணம் கரைத்து மெழுகுவர். மெழுகும்போது தரையின் மேற்பரப்பே புதிதாகிவிடும். சிமெண்டுத் தரையும் செந்நிறப் பூச்சுத் தரையும் செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கற்களும் வந்த பிறகே ஈரத்துணி வீட்டினுள் புகுந்தது. கிழிந்த வேட்டியும் நைந்த சேலையும் அதற்குப் போதுமாயிருந்தன. ஆத்தங்குடிக் கல் துடைக்கத் துடைக்கத்தான் மெருகேறும் என்பதை அவ்வூர்ப் பக்கத்து வீடுகளில் வாழ்ந்தவர் அறிவர்.

மேலைநாடுகளில் நிலை வேறு. அங்கே கல்லும் மரப்பலகையும் நெடுங்காலமாகத் தரையாய் இருந்து வந்தமையால், நீண்ட கோலின் நுனியில் நூற்கற்றையைக் கட்டித் துடைக்கும் வழக்கம் முன்னரே தோன்றிவிட்டது. இதனையே நாம் இன்று ‘மாப்பு’ என்கிறோம். பாய்மரக் கப்பல்களில் மேல்தளத்தைத் துடைக்கப் பழைய கயிறுகளைப் பிரித்து, அந்தப் பிரிகளைக் கட்டி மாப்புச் செய்வர். கயிறாய் உழைத்துத் தேய்ந்தது துடைப்பானாய் இரண்டாம் பிறவி எடுத்தது எனலாம். கப்பற்காரருக்குத் துணியும் கயிறும் அருமையானவை. எறிந்துவிட்டால் நடுக்கடலில் வேறு கிடைக்குமா?

இங்கிலாந்தில் மாப்பின் பெயரால் சந்தைகளே நடந்தன. 14-ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் மக்களை வாரிக்கொண்டு போன பின்னர் வேலையாட்களுக்குப் பெரும் பஞ்சம் உண்டாயிற்று. கூலி ஏறியது. மூன்றாம் எட்வர்டு மன்னன் காலத்தில், 1351-ஆம் ஆண்டில், கூலியைக் கட்டுப்படுத்தச் சட்டம் செய்யப்பட்டது. ஆண்டுக்கொரு முறை வேலையாட்களை அமர்த்தும் சந்தைகள் இத்தகைய சட்டங்களை ஒட்டி வளர்ந்தன. வேலை தேடுவோர் தத்தம் தொழிலின் அடையாளத்தை ஏந்தி நிற்பர். ஆட்டிடையன் ஆட்டுமயிரைச் செருகிக்கொள்வான். தனித்தொழில் எதுவும் கற்காத வீட்டுப் பணிப்பெண் மாப்பைப் பிடித்து நிற்பாள் என்பர். அதனால் ‘மாப்புச் சந்தை’ என்றே பெயர் விளங்கிற்று. ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்போர்டு நகரில் இன்றும் அப்பெயரில் ஆண்டுதோறும் விழா நடக்கிறது. இப்போது அது இராட்டினமும் தின்பண்டமும் நிறைந்த வேடிக்கைச் சந்தை. ஒரு பெண் தன் ஓராண்டு உழைப்பை விலைபேச மாப்பைத் தூக்கிக்கொண்டு நின்ற இடம் அது என்பதை இராட்டினத்தில் சுற்றுவோருள் எத்தனை பேர் நினைப்பர்?

மாப்பு இருந்தும் மண்டியிடுதல் ஒழியவில்லை. நல்ல துப்புரவு என்றால் முழந்தாளிட்டுத் தேய்த்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று வீட்டுத் தலைவியர் எண்ணினர். முழங்காற் சில்லின் முன்னே தோலுக்கடியில் ஒரு சிறு நீர்ப்பை உண்டு. ஓயாமல் மண்டியிடுவோர்க்கு அது வீங்கி வலிக்கும். ஆங்கில மருத்துவத்தில் இந்நோய்க்குப் ‘பணிப்பெண் முழங்கால்’ என்றே வழக்குப் பெயர். ஒரு வகுப்பாரின் தொழில் அவர்தம் உடலின் நோய்க்கே பெயராய் அமைந்தது.

அதே காலத்தில் தூய்மையைப் பற்றிய எண்ணமும் தெளிவடைந்து வந்தது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-ஆம் ஆண்டில் செவிலியம் பற்றிய தம் குறிப்புகளை நூலாக வெளியிட்டார். உலர்ந்த துணியால் தட்டுவது தூசியை ஓரிடத்திலிருந்து கிளப்பி வேறிடத்தில் படியவைப்பதே என்றும், ஈரத்துணியால் துடைப்பதே தூசியை அகற்றும் வழி என்றும் அதில் வற்புறுத்தினார். கிருமிக் கொள்கை நிலைபெறுவதற்கு முன்பே, கண்ணாற் கண்டதைக் கொண்டு அவர் சொன்ன கருத்து இது. ஆனால் ஈரத்துணியே அழுக்கானால் என் செய்வது? இவ்வினாவுக்கு விடை வர மேலும் நூறாண்டுகளுக்கு மேல் ஆயின.

துணியைக் கோலிலிருந்து கழற்ற முடிந்தால்தானே அதைத் துவைக்க முடியும்? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஜேக்கப் ஹோ என்பவர் 1837-ஆம் ஆண்டிலேயே மாப்பைப் பற்றிக்கொள்ளும் பிடிப்பான் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் 1893-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரைச் சேர்ந்த தாமஸ் ஸ்டுவர்ட் என்னும் கறுப்பினத்தவர் மேலும் சிறந்த ஓர் அமைப்புக்கு உரிமை பெற்றார். நூற்கற்றையை எளிதில் கழற்றி மாற்றலாம். ஒரு நெம்புகோலை இழுத்தால் நீர் பிழிந்துவிடும். கையை அழுக்கு நீரில் விட வேண்டியதில்லை. இன்று கடையில் விற்கும் மாப்புகளில் இவ்விரு கருத்துகளும் ஏதேனும் ஒரு வடிவில் இருப்பதைக் காணலாம்.

இனி ஸ்பெயின் நாட்டுக்குச் செல்வோம். என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த பகுதி இதுவே. மானுவேல் ஹலோன் கொரோமினாஸ் என்பவர் விமானப் பொறியியலாளர், 1925-இல் பிறந்தவர். அமெரிக்காவுக்குச் சென்றிருந்தபோது அங்கே நீண்ட கோலும் பிழியும் உருளைகள் பூட்டிய வாளியும் கொண்டு நின்றவாறே தரை துடைப்பதைக் கண்டார். தம் நாட்டிலோ பெண்கள் அந்நாளில் முழந்தாளிட்டே துடைத்துக்கொண்டிருந்தனர். அவர் 1956-ஆம் ஆண்டில் சரகோசா நகரில் அத்தகைய வாளியையும் மாப்பையும் செய்து விற்கத் தொடங்கினார். பின்னர் உருளைகள் போய், துளையிட்ட பிளாஸ்டிக் கூம்பில் மாப்பை அழுத்திப் பிழியும் முறை வந்தது. இக்கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்பதில் பூசல் எழுந்ததும் உண்டு. அது வழக்கறிஞர் வேலை. நமக்கு வேண்டுவது அதன் பெயர்.

அக்கருவிக்கு ‘பிரெகோனா’ என்று பெயர் வழங்கிற்று. ஸ்பானிய மொழியில் அச்சொல் முன்னர் ஒரு மனிதப் பிறவியைக் குறித்தது: பாத்திரமும் தரையும் தேய்க்கும் ஏவற்பெண்ணை. செர்வாண்டிஸ் 1613-ஆம் ஆண்டில் வெளியிட்ட கதைத் தொகுதியில் ஒரு கதையின் தலைப்பிலேயே அச்சொல் உண்டு. இன்று அந்நாட்டுச் சிறுவர்களிடம் அச்சொல்லைச் சொன்னால் அவர்கள் நினைவுக்கு வருவது ஒரு கோலும் நூற்கற்றையுமே. பெண்ணைக் குறித்த சொல் கருவிக்கு இடம் பெயர்ந்துவிட்டது. மொழி மாற்றங்களில் இவ்வளவு மகிழ்ச்சி தருவதை நான் அதிகம் கண்டதில்லை.

முழங்கால் நிமிர்ந்தது, ஆயினும் அழுக்கு நீரின் கேள்வி நின்றது. நூற்கற்றை மாப்பு எந்த வாளியில் அழுக்கை விடுகிறதோ அதே வாளியில்தான் மீண்டும் நனைகிறது. இதற்கு வழி, எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து வந்தது. ஜப்பானில் தோரே என்னும் நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ என்ற அறிஞர், 1970-ஆம் ஆண்டளவில் மிக நுண்ணிய செயற்கை இழைகளை உருவாக்கினார். கடலில் தீவுகள் போல, ஒரு பொருளினுள் மற்றொரு பொருளின் பல நுண்ணிழைகளை வைத்து இழுத்து, பின்னர்ச் சூழ்ந்துள்ள பொருளைக் கரைத்துவிடுவது அம்முறை. நோக்கம், மான்தோல் போன்ற மெல்லிய துணி செய்வதே, தரை துடைப்பதன்று. இழையின் பருமனை ‘டெனியர்’ என்ற அளவால் கூறுவர். 9,000 மீட்டர் நீளமுள்ள இழை 1 கிராம் எடையிருந்தால் அது 1 டெனியர். பட்டுப்பூச்சியின் இழை ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். நுண்ணிழை என்பது அதனினும் மெல்லியது. பாலியெஸ்டரையும் பாலியமைடையும் சேர்த்து நூற்றுப் பின் பிளந்தால், அவ்விழைகளின் இடுக்குகளில் நீரும் தூசியும் பற்றிக்கொள்ளும். சிறிதளவு நீரே போதும். 1990-களில் சுவீடன் முதலிய நாடுகளில் இத்துணியைத் தட்டையான சட்டத்தில் ஒட்டவைத்துத் தரை துடைக்கும் முறை பரவியது.

கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்று 1999-ஆம் ஆண்டில் இதனைச் சோதித்துப் பார்த்தது. முன்பெல்லாம் இரண்டு மூன்று அறைகளுக்கு ஒரு முறை வாளி நீரை மாற்றுவர். புதிய முறையில் அறைக்கு ஒரு துணிப்பட்டை. முன்கூட்டியே மருந்து நீரில் நனைத்த பட்டைகளை எடுத்துச் சென்று, ஓர் அறையைத் துடைத்ததும் அதைக் கழற்றிச் சலவைக்குப் போட்டு, அடுத்த அறைக்கு வேறொன்றை மாட்டினர். நனைத்தது மீண்டும் வாளிக்குத் திரும்புவதே இல்லை. நீரும் மருந்தும் ஏறக்குறைய 95 விழுக்காடு மிச்சமாயின. கனத்த வாளியைத் தூக்கும் தொல்லையும் தொழிலாளர்க்குக் குறைந்தது. பட்டையின் விலை பழைய மாப்பினும் கூடுதல்தான். ஆயினும் பன்முறை துவைக்கத் தக்கதாதலின் கணக்கு அதன் பக்கமே நின்றது. என் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை இதுவே. பதினான்கு அறைக்குப் பதினான்கு துணி; அவ்வளவே.

அதே 1999-ஆம் ஆண்டில், ஒரு முறை துடைத்துக் குப்பையில் எறியும் தாள்பட்டைகளை அமெரிக்க நிறுவனம் ஒன்று சந்தைக்குக் கொண்டுவந்து பெரும்பொருள் ஈட்டியது. கப்பற்காரன் பழங்கயிற்றை மாப்பாக்கிய உலகில் இதுவும் நடந்தது. இதைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை.

வீட்டுக்கு எதை வாங்குவது என்று கேட்பீர்களானால், முதலில் உங்கள் தரையைப் பாருங்கள். வழவழப்பான பீங்கான் ஓட்டுக்கும் மொசைக்குக்கும் குட்டை மயிருள்ள நுண்ணிழைப் பட்டை ஏற்றது. சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் அது சிக்கி இழையறும். அங்கே வளையம் வளையமாய் நெய்த பருத்திப் பட்டையே நின்று உழைக்கும். பருத்தி கொதிநீரைத் தாங்கும். ஆனால் கனக்கும், உலர நேரமாகும். நுண்ணிழை விரைவில் உலரும். ஆனால் மிகுந்த சூட்டையும் வெளுப்புக் காரத்தையும் தாங்காது. துணியை மென்மையாக்கும் திரவத்தில் அலசினால் இழையின் இடுக்குகள் பூசி அடைபட்டு, வாங்கிய பயனே போய்விடும். பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் அவற்றின் பஞ்செல்லாம் இதில் ஒட்டிக்கொள்ளும். பட்டையின் ஓரத் தையலையும் சட்டத்தில் ஒட்டும் வெல்க்ரோவையும் கையால் இழுத்துப் பார்த்தே வாங்க வேண்டும். முதலில் கெடுபவை அவையே. சட்டத்தின் அளவும் பட்டையின் அளவும் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் வாங்கி வந்து விழிப்பவர்களுள் நானும் ஒருவன்.

நுண்ணிழைக்கு ஒரு குறை உண்டு. அதை மறைத்தல் முறையன்று. துவைக்குந்தோறும் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் கழிவுநீரோடு செல்கின்றன. ஆறும் கடலும் அவற்றை ஏற்கின்றன. ஆகவே இயலும் இடத்தில் பருத்தியையே தேர்க என்பது என் கருத்து. பழைய வேட்டியை நான்காய் மடித்துத் தைத்துச் சட்டத்தில் கட்டினால் அதுவும் துவைக்கத்தக்க பட்டையே. என் வீட்டில் அத்தகையவை நான்கு உள்ளன: சமையலறைக்கு ஒன்று, குளியலறைப் பக்கத்துக்கு ஒன்று, கூடத்துக்கு இரண்டு. ஒன்றோடொன்று கலவாதிருக்க ஒவ்வொன்றின் ஓரத்திலும் வண்ண நூல் தைத்திருக்கிறோம். துடைத்து முடித்ததும் சவர்க்காரமிட்டு அலசி, கொடியில் விரித்து, முற்றும் உலர்ந்த பின்னரே மடிப்போம். வாளிக்குள்ளேயே ஈரமாய்க் கிடந்த துணி மறுநாள் என்ன நாற்றம் நாறும் என்பதை ஒரு முறை முகர்ந்தவர் மறவார்.