ஐந்து வாட் போதுமா?

சென்னையில் வானொலி பிறந்த கதையை 1938-ல் தொடங்குவதுதான் வழக்கம். அந்த வருஷம் ஜூன் 16-ந் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் ஆரம்பமாயிற்று. ஆனால் அதற்குப் பதினான்கு வருஷங்களுக்கு முன்பே இந்த ஊர்க் காற்றில் பாட்டு மிதந்திருக்கிறது. 1924 மே 16-ந் தேதி கிருஷ்ணசாமி செட்டியார் என்பவர் சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பு ஆரம்பம். கருவியின் சக்தி எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 40 வாட்! வீட்டுத் திண்ணையில் எரியும் குண்டு பல்பு அளவுதான். பிற்பாடு அது 200 வாட் ஆயிற்று.

1927 அக்டோபரில் பணமில்லாமல் கிளப் மூடிவிட்டது. சங்கீதத்தைக் காற்றில் விட்டுவிட்டுக் காசை யாரிடம் போய் வசூலிப்பது? கருவி கார்ப்பரேஷன் கைக்குப் போயிற்று. 1930 ஏப்ரல் 1 முதல் நகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது.

இதையெல்லாம் சாத்தியமாக்கியது வால்வு என்ற கண்ணாடிக் குமிழ். 1904-ல் ஃபிளெமிங் கண்டுபிடித்ததற்கு, 1906-ல் அமெரிக்கர் லீ டி ஃபாரஸ்ட் ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். அம்பத்தூர் ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். பலகையை ஒருவன் கையால் சற்றே உயர்த்துகிறான். பின்னால் நிற்கும் ஏரித் தண்ணீர் அந்தக் கை அசைவுக்கேற்பப் பாய்கிறது. அந்தப் பலகைதான் கம்பி வலை.

அதே அம்பத்தூரில் ஒரு நண்பர் இருக்கிறார். தொழிற்பேட்டையிலிருந்து ஓய்வு பெற்றவர். தகப்பனார் வைத்துவிட்டுப் போன பழைய ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு அவரிடம் உண்டு. அவற்றில் மறுபடி பாட்டுக் கேட்க வேண்டும், அதுவும் வால்வில்தான் கேட்க வேண்டும் என்று ஆசை. சேமிப்போ சொற்பம். ஐந்து வாட் ஆம்ப்ளிஃபயர்தான் அதற்குள் அடங்கும். "நூறு வாட்டுக்குக் குறைந்தால் கொசு ரீங்காரம்தான் கேட்கும்" என்று ஒரு கடைக்காரர் அவரைப் பயமுறுத்தியிருக்கிறார்.

கடைக்காரர்களுக்கு வாட் என்பது நெய் மாதிரி. அதிகம் ஊற்றினால் அதிக ருசி என்று நினைப்பு. காதின் கணக்கு வேறு. சக்தியை இரட்டித்தால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். ஆகவே ஸ்பீக்கரின் உணர்திறனைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 95 டெசிபல் தரும் பெட்டியும் உண்டு, 86 தருவதும் உண்டு. வித்தியாசம் ஒன்பது, அதாவது எட்டு மடங்கு சக்தி. முதல் பெட்டிக்கு ஐந்து வாட் செய்கிற வேலையை, இரண்டாவதற்கு 40 வாட் செய்ய வேண்டும். செட்டியாரின் அதே 40! பழைய காகிதக் கூம்பு ஸ்பீக்கர்கள் பலவும் குறைந்த சக்தியில் நன்றாகப் பேசப் பழகியவை. வால்வு ரேடியோக்கள் சில வாட்டுகளைத் தாண்டாத காலத்தில் பிறந்தவை அல்லவா?

சின்ன வால்வில் இ.எல்.84 எனக்குப் பிடித்தது. தனியாக நின்றால் ஐந்து வாட் சொச்சம் தரும். 1954-ல் சர்க்கார் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸும் ஒரு காலத்தில் வால்வுகள் செய்தது; பழைய சரக்குத் தேடுவோர் இன்றும் அவற்றைக் கேட்டு அலைகிறார்கள். சித்திரை மாதத்தில் அறைக்குள் இன்னொரு அடுப்பா என்று வீட்டில் கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வாங்கும்போது பெட்டியைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். வால்வுக்கு ஆயிரக்கணக்கான ஓம் வேண்டும். ஸ்பீக்கருக்கோ எட்டு ஓம்தான். இரண்டுக்கும் நடுவில் சம்பந்தம் பேசி முடிப்பது இரும்பும் செம்பும் சேர்ந்த டிரான்ஸ்ஃபார்மர். ஸ்டீரியோ என்றால் அது இரண்டு வேண்டும். பெட்டி பஞ்சாகக் கனத்தால் சந்தேகப்படலாம்: முன்னால் மினுக்கும் வால்வு அழகுக்கு, உள்ளே உழைப்பது சில்லு. பழைய பெட்டியானால் மூடியைத் திறக்காமல் ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் கொடுப்பதே உத்தமம். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்ஸர்கள் 250 வோல்ட்டையோ அதற்கு மேலோ பிடித்து வைத்திருக்கக்கூடும்.