தென்கிழக்காசியா

வியட்நாம், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளை ஒருசேரக் குறிக்கும் ‘தென்கிழக்காசியா’ என்ற பெயர் அந்த மண்ணில் பிறந்ததல்ல. ஜெர்மன் மொழி அறிஞர்கள் முன்பே கையாண்டிருந்தாலும், அதைப் பரப்பியது இரண்டாம் உலகப் போரின்போது 1943இல் பிரிட்டிஷ் தளபதி மவுண்ட்பேட்டன் தலைமையில் நேச நாடுகள் அமைத்த தென்கிழக்காசியப் படைத் தலைமைதான். அதன் எல்லைக்குள் இலங்கை இருந்தது. தலைமையகமே 1944இல் கண்டிக்கு வந்தது. பிலிப்பைன்ஸோ அமெரிக்கத் தளபதி மெக்கார்தரின் பொறுப்பில், எல்லைக்கு வெளியே இருந்தது. இன்று அச்சொல்லுக்குள் பிலிப்பைன்ஸ் உண்டு, இலங்கை இல்லை. ஆக, இந்த எல்லையை வகுத்தது மலையோ கடலோ அல்ல, அந்தந்தக் காலத்தின் தேவை.

போருக்குப் பின் மொழி, வரலாறு, மானிடவியல், அரசியல் ஆகியவற்றை இணைத்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இந்த வட்டாரத்தையே ஒரு படிப்பாக்கின. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1950இல் அது தொடங்கியது. பனிப்போருக்கு ஆள் தயாரித்த படிப்பு என்பார்கள். மொழிக் கல்விக்கு 1958இல் பணம் ஒதுக்கிய சட்டத்தின் பெயரிலேயே ‘தேசப் பாதுகாப்பு’ இருப்பதால் அதை முற்றிலும் மறுக்க முடியாது. ஆனால் படிப்பு பணம் போட்டவரின் சொற்படி மட்டும் நடக்கவில்லை. கார்னெலின் பேராசிரியர் ஜார்ஜ் கேகின் வியட்நாம் போரை எதிர்த்தார். அங்கிருந்த மற்றொரு அறிஞர் பெனடிக்ட் ஆண்டர்சனை சுகார்த்தோ அரசு இந்தோனேசியாவுக்குள் விட மறுத்தது. பெயரும் பரப்பியவரோடு நின்றுவிடவில்லை: படைத் தலைமை பரப்பிய அதை 1967இல் அவ்வட்டாரத்தின் ஐந்து நாடுகள் ஆசியான் கூட்டமைப்புக்குத் தாமே சூட்டிக்கொண்டன.