கறுப்புக் காரில் விழுந்த மழை

கழுவின காரை வெயிலில் அப்படியே விட்டால் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழும். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கட கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் வெட்டியவை. கேத்திலின் அடியில் படிகிற அதே சாமான்தான் கார்க் கண்ணாடியிலும் படியுது. தண்ணி ஆவியாகிப் போகும், கல்சியம் போகாது. வினாகிரியில் தண்ணி கலந்து, துணியை நனைத்துக் கொஞ்ச நேரம் பொட்டின் மேல் வைத்துத் துடைத்தால் அனேகமாகக் கரைந்துவிடும். பிறகு கழுவி, காய முதலே துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கனகாலம் விட்டால்தான் கண்ணாடி மங்கிப்போய்ப் பாடாய்ப் படுத்தும்.

இதோடு விசயம் முடிந்தால் கட்டுரையே வேண்டாம். பெயின்றில் விழுகிற இன்னொரு பொட்டு இருக்கிறது. அது மேலே படியாது, உள்ளே அரிக்கும். வினாகிரி போட்டும் பலனில்லை, ஏனென்றால் அங்கே கரைப்பதற்கு ஒன்றும் இல்லை; இருப்பது ஒரு பள்ளம். அப்படிப்பட்ட பொட்டு ஒன்று 1996இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

கதை தொடங்குகிற இடம் மான்செஸ்டர். நிலக்கரிப் புகை மூடிய அந்த நகரத்தின் மழைநீரை ரொபர்ட் அங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலாளர் சோதித்து, அதில் கந்தக அமிலம் இருப்பதை 1852இல் எழுதினார். இருபது வருசம் கழித்து அவர் எழுதிய புத்தகத்தில் 'அமில மழை' என்ற சொல்லும் வந்தது. அதன் பிறகு நீண்டகாலம் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1967இல் சுவீடன் விஞ்ஞானி ஸ்வாண்டே ஓடேன், பிற நாடுகளின் புகைபோக்கிகளில் இருந்து போவது எங்கள் ஏரிகளில் விழுகிறது என்று எழுதிய பிறகுதான் அது அரசியல் ஆனது. 1979இல் ஜெனீவாவில் எல்லை தாண்டும் காற்று மாசு பற்றி ஒரு உடன்படிக்கை வந்தது. பேச்செல்லாம் மீன், காடு, கல்லுச் சிலைகள் பற்றியே. கார் யாருடைய கவலையாகவும் இருக்கவில்லை.

ஆனால் அதே காலத்தில் காரின் தோலும் மாறிக்கொண்டிருந்தது. முந்தி நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. 80களில் நிறப்பூச்சு ஒன்று, அதற்கு மேல் நிறமில்லாத தெளிபூச்சு ஒன்று என்ற முறை பரவியது. கண்ணாடி மாதிரி மின்னும், உண்மைதான். ஆனால் அந்தத் தெளிபூச்சு ஒரு தலைமயிரின் தடிப்புக்கூட இல்லை. அதைப் பிணைத்து வைத்திருந்த மெலமைன் பிணைப்புகளை அமிலம் உடைக்கும். மழைத்துளி விழும்போது அமிலம் மிக ஐதாகத்தான் இருக்கும். வெயில் ஏற ஏறத் தண்ணி போய், மிஞ்சுகிற சொட்டில் அமிலம் செறியும். கறுப்புக் காரின் பொனற் சுடுகிற சூட்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரம் இந்த அரிப்புக்குப் பேர்போனது. பெயின்ற் பூசிய தகடுகளைக் கோடை வெயிலில் அங்கே வைத்துச் சோதிப்பது கார்த் துறையில் வழமையாகவே ஆனது.

இனி வழக்கு. 1990 ஜனவரியில் அலபாமாவின் பேர்மிங்ஹாமில் கோர் என்ற டொக்டர் புத்தம் புது கறுப்பு பிஎம்டபிள்யூ ஒன்றை 40,750 டொலருக்கு வாங்கினார். ஒன்பது மாதம் ஓடினார், ஒரு குறையும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் பளபளப்பாக்குவோம் என்று மெருகூட்டுகிற கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் பார்த்துவிட்டு, இது திரும்பப் பெயின்ற் அடித்த கார் என்றார்.

ஜேர்மனியில் இருந்து வரும் வழியில் அமில மழை பட்டிருக்கலாம் என்று இரு தரப்பும் எடுத்துக்கொண்டன. ஜோர்ஜியாவில் இருந்த கொம்பனியின் நிலையத்தில் கூரை, பொனற், டிக்கி என்று 601 டொலர் செலவில் மறுபடி பூசியிருந்தார்கள். திருத்தச் செலவு விலையில் 3 வீதத்துக்குள் இருந்தால் யாருக்கும் சொல்லாமல் புதுக் கார் என்றே விற்பது 1983 முதல் கொம்பனியின் கொள்கை. டீலருக்குக்கூடச் சொல்வதில்லை. இப்படி விற்ற கார்கள் 983.

யூரிமார் கோருக்கு 4,000 டொலர் நட்டஈடும், கொம்பனிக்குத் தண்டனையாக 40 லட்சம் டொலரும் விதித்தார்கள். கணக்கு எளிது: ஒரு காருக்கு 4,000, ஏறக்குறைய 1,000 கார். பிற மாநிலங்களில் விற்றதையும் சேர்த்தது பிழை என்று சொல்லி அலபாமா நீதிமன்றம் அதைப் பாதியாக்கியது. உயர் நீதிமன்றம் 1996 மே 20இல், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், 20 லட்சமும் அளவு மீறியது என்றது. நீதியரசர் ஸ்ரீவன்ஸ் எழுதிய தீர்ப்பு மூன்று விசயங்களைப் பார்க்கச் சொன்னது: செயல் எவ்வளவு கண்டிக்கத்தக்கது, தண்டனைக்கும் உண்மையான நட்டத்துக்கும் என்ன விகிதம், அதே குற்றத்துக்குச் சட்டம் ஏற்கெனவே வைத்திருக்கிற தண்டம் எவ்வளவு. தண்டனை நட்டஈட்டைப் பற்றி அமெரிக்காவில் இன்றும் வாதாடுகிறவர்கள் இந்த மூன்றையும் தாண்டிப் போக முடியாது. கடைசியில் அலபாமா நீதிமன்றம் தொகையை 50,000 டொலராக்கியது.

எங்களுக்கு இதில் இரண்டு மனம். ஒரு பெயின்ற் பூச்சுக்கு 40 லட்சம் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். கண்ணுக்கே தெரியாத குறைக்கு என்ன நட்டம் என்ற கேள்வியும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் கோரின் கண் அல்ல இங்கே அளவுகோல். திரும்பப் பூசிய கார் பத்து வீதம் விலை குறையும் என்று வழக்கில் சாட்சியம் வந்தது. அந்தப் பத்து வீதம் யாருடையது? இலங்கையில் யப்பான் ரீகண்டிசன் கார் வாங்கப் போகிற எவரும் முதலில் கேட்பது 'ஒறிஜினல் பெயின்ற்றா?' என்றுதான். விளம்பரத்திலும் அந்தச் சொல்லைத் தனியாகப் போடுகிறார்கள். வாங்குகிறவர் கேட்கிற கேள்விக்கு விற்கிறவரிடம் பதில் இருந்தும் அதை மறைப்பதைத்தான் யூரிமார் தண்டித்தார்கள். தொகை அளவு மீறியதாக இருக்கட்டும், ஆள் பிழையில்லை. அந்த 40 லட்சத் தீர்ப்பு வந்த கையோடு, எவ்வளவு சிறிய திருத்தமானாலும் இனிச் சொல்லியே விற்போம் என்று கொம்பனி கொள்கையை மாற்றியதையும் கவனிக்க வேணும்.

மழையும் பிறகு மாறியது. 1990இல் அமெரிக்கா காற்றுச் சட்டத்தைத் திருத்தி மின் நிலையங்களின் கந்தகத்துக்கு உச்ச அளவு வைத்தது. பெயின்ற் கொம்பனிகளும் அமிலத்துக்கு எளிதில் உடையாத தெளிபூச்சுகளைக் கொண்டுவந்தன. இருந்தாலும் எந்தத் துளியும் பெயின்றில் கிடந்து காயாமல் பார்ப்பது நல்லது. நிழலில் கழுவுங்கள், இடைக்கிடை மெழுகு பூசுங்கள். அரித்த பள்ளத்தைப் பொலிஷ் பண்ணித் தட்டையாக்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த மெல்லிய தெளிபூச்சில் இருந்துதான் கொஞ்சம் தேயும்.