இரண்டே ஆட்டங்கள்

இரண்டே ஆட்டங்களில் முடிந்த ஒரு பருவம், ஒரு நாட்டின் விளையாட்டு வரலாற்றுக்கே தோற்றுவாயாயிற்று என்றால் வியப்பன்றோ?

1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், அமெரிக்காவில் நியூ பிரன்சுவிக் நகரில், ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டன் கல்லூரியும் கால்பந்தாட்டத்தில் எதிர்நின்றன. கட்சிக்கு 25 பேர். ரட்கர்ஸ் மாணவர் சிலர் செந்நிறத் துணியைத் தலையிற் கட்டி வந்தனர். பந்தைக் காலால் உதைக்கலாம், கையாலும் தட்டலாம், ஏந்தி ஓடுதல் ஆகாது. ரட்கர்ஸ் 6 கோல், பிரின்ஸ்டன் 4.

ஒரு வாரம் கழித்து, 13ஆம் நாள், பிரின்ஸ்டனில் மறு ஆட்டம். அங்கே விதி வேறு. பந்தை அந்தரத்திலேயே பிடித்தவர் தடையின்றி உதைக்கலாம். பிரின்ஸ்டன் 8 கோல் போட்டது, ரட்கர்ஸுக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் ஆட்டம் நடைபெறவேயில்லை.

அப்படியாயின் வல்லவர் யாவர்? களத்திற்குரியவர் வகுத்ததே விதி என்றிருந்தவரை இவ்வினாவுக்கு விடையில்லை. ஆளுக்கொரு அளவுகோல் கொண்டு அளந்தால் நீளம் எவ்வாறு துணியப்படும்?

இக்குறை தீர, 1873இல் பிரின்ஸ்டன், ரட்கர்ஸ், யேல் ஆகியவற்றின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடிப் பொதுவிதி வகுக்க முற்பட்டனர். பந்தை ஏந்தி ஓடும் முறையை விரும்பிய ஹார்வர்டு அதிற் சேரவில்லை. ஆயினும் 1876இல் அவ்வழியே, ரக்பி விதிகளைத் தழுவி, கல்லூரிகள் பல உடன்பட்டன. இன்றைய அமெரிக்கக் கால்பந்து அதன் வழிவந்ததே.

வெற்றியைத் தருவது வலிமை. அவ்வெற்றிக்குப் பொருள் தருவதோ இருவரும் ஒப்பிய விதி.