முசோலினியைப் பார்த்துவிட்டு வந்தவர்

"பாசிசம் பாசிசம்ங்கிறீங்களே, அது இத்தாலிக்காரன் சங்கதி. அதுக்கும் நம்ம சேரிக்கும் என்னங்க சங்காத்தம்?" அம்மாபேட்டையில் தறிக்குப் போகிற நம் பசங்க என்னிடம் கேட்பது இது. நியாயமான கேள்விதான். நம் பாடநூல்கள் முசோலினியை இத்தாலிக்குள்ளும் ஹிட்லரை ஜெர்மனிக்குள்ளும் அடைத்துத்தான் கொடுத்திருக்கின்றன.

இந்த அடைப்பை உடைத்தவர்களில் ஒருவர் மார்ட்சியா கஸொலாரி. இத்தாலிய வரலாற்றாசிரியர். தன் நாட்டுப் பாசிசம் காலனி இந்தியாவுக்குள் எந்த வழியாக வந்தது என்று ஆவணக் காப்பகங்களில் தேடியவர். 2000 ஜனவரியில் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் அவர் எழுதிய கட்டுரை பி.எஸ். மூஞ்சேயின் நாட்குறிப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2020இல் அந்த ஆய்வு நூலாக விரிந்தது.

மூஞ்சே யார்? இந்து மகாசபைத் தலைவர். ஆர்.எஸ்.எஸ்ஸைத் தொடங்கிய ஹெட்கேவாருக்கு வழிகாட்டி. லண்டனில் முதல் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் தீண்டப்படாதோர் உரிமையைப் பேசினார்கள். அதே மாநாட்டுக்குப் போன மூஞ்சே, திரும்பும் வழியில் 1931 மார்ச் 19 அன்று ரோமில் முசோலினியைச் சந்தித்தார். சிறுவர்களுக்குச் சீருடை மாட்டிப் பயிற்சி கொடுத்த 'பலில்லா' அமைப்பைப் பார்த்து அசந்துபோனார். இந்துக்களுக்கும் இப்படியொன்று வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். 1937இல் நாசிக்கில் அவருடைய போன்சலா ராணுவப் பள்ளி எழுந்தது.

அந்த நாசிக்கில்தான் 1930 மார்ச் 2 அன்று காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தை அம்பேத்கர் தொடங்கினார். ஆண்டுக்கணக்கில் போராடியும் நம் மக்களுக்குக் கதவு திறக்கவில்லை. 1935 அக்டோபர் 13 அன்று, அதே மாவட்டத்து இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார்.

மறு ஆண்டே மூஞ்சே நம் எம்.சி. ராஜாவுக்குக் கடிதம் எழுதினார். மதம் மாறுகிறவர்கள் இஸ்லாத்துக்கோ கிறித்துவத்துக்கோ போய்விடாமல் சீக்கியத்துக்குப் போகட்டும் என்பது அவர் திட்டம். 1932இல் மூஞ்சேயோடு ஒப்பந்தம் போட்டவர்தான் ராஜா. அவரே இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மதம் மாறுவது மனசாட்சி சம்பந்தப்பட்டது, எண்ணிக்கைக்காக எங்கள் மக்களை இடம் மாற்றுவதல்ல என்று மறுத்துவிட்டார்.

நாட்குறிப்பையும் இந்தக் கடிதத்தையும் நான் சேர்த்தே படிக்கிறேன். ரோமில் பார்த்ததை இங்கே நட்டவருக்கு நாம் தலைக்கணக்கு. அணிவகுப்புக்கு ஆள் வேண்டும், சாதி அப்படியே இருக்கலாம். இத்தாலியில் இல்லாத சரக்கு இது. இந்த மண்ணில் சேர்ந்தது.

கஸொலாரி காப்பகத்தைத் திறந்து காட்டினார். ராஜாவின் மறுப்பை அதன் பக்கத்தில் வைத்து எழுத வேண்டியது நாம்தான். இன்றைக்கு நம் பையன்களையும் அணியில் வந்து நில் என்று கூப்பிடுகிறார்கள். போவதற்கு முன்னால், கூப்பிடுகிறவன் நம்மை எந்தக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறான் என்று கேட்டாக வேண்டும்.