திரிசொல் முதல் வெண்முரசு வரை: கதையில் வரும் அருஞ்சொற்கள் பற்றிய விவாதம்

முன்னுரை

திருத்தணிக்கு அருகில் உள்ள அம்மையார்குப்பம் நெசவாளர்கள் நிறைந்த ஊர். பாவு, ஊடை, நாடா, தார், அச்சு, விழுது ஆகிய சொற்கள் இங்குள்ள சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். நகரத்தில் தமிழில் பட்டம் பெற்றவர்களிடம் இவற்றில் பாதிக்குப் பொருள் கேட்டால் தயங்குவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், இவ்வூர் நெசவாளர் வீட்டுக் கல்லூரி மாணவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு, பள்ளியில் படித்தது தமிழ். ஜெயமோகனின் ‘வெண்முரசு’ நாவல் வரிசையில் முதல் நூலான ‘முதற்கன’லைச் சில பக்கங்கள் படித்துவிட்டு மூடியிருந்தார். “பன்னிரண்டு வருஷம் தமிழ் படிச்சேன் ஐயா. இது எனக்காக எழுதுனது இல்ல போல” என்றார்.

புராணக் கதையும் மிகுபுனைவும் படிப்பவர்களிடையே இந்தக் குறை பலமுறை எழுந்திருக்கிறது. வழக்கில் இல்லாத சொற்களை எழுத்தாளர் ஏன் எடுத்தாள வேண்டும் என்பது ஒரு தரப்பு. பழைய உலகத்தைக் காட்டப் பழைய சொல் வேண்டாமா என்பது மறு தரப்பு. இந்த விவாதம் தமிழில் நடந்து வந்த வழியையும், நம் முன்னோர் அதற்குக் கண்ட தீர்வையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இலக்கணத்தில் அருஞ்சொல்

தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பிரிக்கிறது. எல்லோருக்கும் எளிதில் விளங்குவது இயற்சொல். கற்றவர்க்கு மட்டுமே விளங்குவது திரிசொல். மலையைக் குறிக்க வெற்பு, விலங்கல், விண்டு என்று வருவது ஒரு வகைத் திரிசொல். எகினம் என்ற ஒரே சொல் அன்னம், கவரிமா, புளியமரம், நாய் எனப் பல பொருள் தருவது மற்றொரு வகை. கடினமான சொல்லுக்கு இலக்கணம் தனிப் பெயரும் இடமும் கொடுத்திருக்கிறது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இலக்கணம் அதைக் குற்றமாகக் கருதவில்லை.

அதே தொல்காப்பியம் உரியியலில் ஆசிரியர்கள் நினைவில் கொள்ளத்தக்க ஒரு நெறியைச் சொல்கிறது. தெரிந்த சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை, தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லைக் கொண்டு விளக்க வேண்டும் என்பதே அது.

நிகண்டுகள் இந்தத் தேவைக்காகத் தோன்றியவை. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகியவை சொற்களையும் பொருள்களையும் செய்யுள் வடிவில் தொகுத்தன. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்தனர். சிலப்பதிகாரத்துக்கு அமைந்த பழைய உரை ஒன்றை எழுதியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அரிய சொற்களுக்குப் பொருள் எழுதியதால் ‘அரும்பதவுரையாசிரியர்’ என்றே அவரை அழைக்கிறோம். உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது இந்த உரையையும் சேர்த்தார். கடினமான நூலும் அதை விளக்கும் உரையும் சேர்ந்து வழங்குவதே தமிழ் மரபாக இருந்தது.

பாரதம் கேட்ட ஊர்கள்

இந்த மரபு புலவர்களோடு நின்றுவிடவில்லை. வில்லிபுத்தூராரின் பாரதம் வடசொற்கள் செறிந்த நூல். படிக்காத ஒருவர் தனியே எடுத்துப் படித்துப் புரிந்துகொள்வது எளிதன்று. ஆனால் வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கதையைக் கேட்டு வந்துள்ளனர். பகலில் பிரசங்கியார் ஒரு பாடலைப் பாடுவார், பிறகு ஊர்ப்பேச்சில் அதை விரித்துச் சொல்வார். இரவில் அதே கதையைத் தெருக்கூத்தாக நடிப்பார்கள். பாடலில் தவறவிட்ட சொல்லைப் பிரசங்கத்திலும், அங்கும் புரியாததைக் கூத்திலும் மக்கள் பிடித்துக்கொண்டனர்.

திருத்தணி மலைக்கும் இது பொருந்தும். ஆண்டுதோறும் டிசம்பர் 31 அன்று 365 படிகளிலும் திருப்புகழ் பாடி ஏறுகிறார்கள். இதைத் தொடங்கிவைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். அருணகிரிநாதரின் சொற்கள் எல்லாவற்றுக்கும் பொருள் தெரிந்தவர் அக்கூட்டத்தில் எத்தனை பேர்? இசையும் சந்தமும் முதலில் அவர்களை உள்ளே அழைத்துச் செல்கின்றன. பொருள் தேடுவோருக்குத் ‘தணிகைமணி’ வ.சு. செங்கல்வராய பிள்ளையின் உரை இருக்கிறது. திருப்புகழ் ஏடுகளைத் தேடி 1894இல் முதல் தொகுதியை அச்சிட்டவர் அவருடைய தந்தை வ.த. சுப்பிரமணிய பிள்ளை. தந்தை பாடலைத் தேடிக் கொடுத்தார், மகன் அதன் பொருளைக் கொடுத்தார்.

உரைநடைக்கு வந்த விவாதம்

அச்சுப் புத்தகமும் நாவலும் வந்தபோது நிலைமை மாறியது. வாசகர் தனியே அமர்ந்து படிக்கத் தொடங்கினார். பிரசங்கியார் இல்லை, உரையும் இல்லை. எழுத்தாளர் எந்தத் தமிழில் எழுத வேண்டும் என்ற கேள்வி கூர்மையானது இதனால்தான்.

பாரதியார் 1912இல் ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற்பாகத்தை வெளியிட்டார். பொதுமக்கள் விரும்பும் எளிய சொல்லும் எளிய நடையும் கொண்ட காவியம் செய்பவன் தாய்மொழிக்குப் புத்துயிர் தருகிறான் என்ற கருத்தை அதன் முன்னுரையில் எழுதினார். எளிமைக் கட்சியின் தொடக்க அறிக்கை என்று இதைச் சொல்லலாம். அதுவும் மகாபாரதக் கதைக்கு எழுதிய முன்னுரை என்பது குறிப்பிடத்தக்கது.

மறைமலையடிகள் வேறு வழியில் சென்றார். 1911இல் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ என்ற நாவலைச் செந்தமிழ் நடையில் வெளியிட்டார். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். வேதாசலம் என்ற தம் பெயரையும், ‘ஞானசாகரம்’ என்ற தம் இதழின் பெயரையும் மாற்றினார். இதழ் ‘அறிவுக்கடல்’ ஆனது. அவர் மகள் நீலாம்பிகை வடசொற்களுக்கு ஈடான தமிழ்ச்சொற்களைத் தொகுத்து அகரவரிசை நூல் வெளியிட்டார். புதிய சொல்லைக் கொடுத்தவர்கள் அதற்கு அகராதியையும் கொடுத்தனர்.

கல்கி பாரதியின் வழியைப் பத்திரிகைக்குக் கொண்டுவந்தார். 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ சோழர் காலக் கதை. ஆனாலும் அதன் நடை வார இதழ் வாசகருக்குப் பழக்கமான நடை. பழைய செய்தி ஒன்று குறுக்கிட்டால் ஆசிரியரே கதையை நிறுத்தி வாசகரிடம் பேசுவார். பிரசங்கியார் இங்கே கதைக்குள்ளேயே வந்து அமர்ந்துகொண்டார் எனலாம்.

இந்த விவாதத்தில் காலம் சொன்ன தீர்ப்பு இரு தரப்பும் எதிர்பார்க்காதது. தனித்தமிழ்ச் சொற்கள் மக்களுக்குப் புரியாது என்று அன்று சொன்னார்கள். இன்று வேட்பாளர், சொற்பொழிவு, அமைச்சர் என்பவை எல்லோருக்கும் தெரியும். அக்காலத்தில் பரவலாக வழங்கிய அபேட்சகர், அக்கிராசனர் ஆகிய சொற்களுக்கு இன்றைய மாணவர் அகராதியைத் தேட வேண்டியிருக்கிறது. ஒரு சொல் அரிதா எளிதா என்பது அந்தச் சொல்லிலேயே இல்லை. எத்தனை பேர் எவ்வளவு காலம் புழங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

எல்லைக்கு அப்பால்

திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1ஆம் நாள் ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுடன் இணைந்தது. இரு மொழியும் புழங்கும் எங்களுக்குத் தெலுங்கில் நடந்த விவாதமும் அந்நியமன்று. பரவஸ்து சின்னய சூரி 1853இல் வெளியிட்ட ‘நீதி சந்திரிகா’ பஞ்சதந்திரக் கதைகளைக் கூறும் நூல். அதில் விலங்குகள்கூட இலக்கணச் சுத்தமான கிராந்திகத் தெலுங்கில் பேசின. பேச்சுவழக்கை ஒட்டிய தெலுங்கே கல்விக்கு உகந்தது என்று கிடுகு ராமமூர்த்தி (1863–1940) வாழ்நாள் முழுவதும் போராடினார். அவர் பிறந்த ஆகஸ்டு 29 இப்போது தெலுங்கு மொழி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

1947 ஜூலையில் சென்னையிலிருந்து தெலுங்கில் ‘சந்தமாமா’வும் தமிழில் ‘அம்புலிமாமா’வும் வெளிவரத் தொடங்கின. விக்கிரமாதித்தனும் வேதாளமும் எளிய மொழியில் எல்லைக்கு இருபுறமும் வீடுகளுக்குள் நுழைந்தார்கள். என் தலைமுறையினர் மாயக்கதை படிக்கப் பழகியது அதில்தான். மிகுபுனைவுக்கு எளிய நடை பொருந்தாது என்று யாராவது சொன்னால் அம்புலிமாமாவே அதற்கு மறுப்பு.

வெண்முரசும் வாசகர்களும்

ஜெயமோகன் 2014 ஜனவரி 1 முதல் மகாபாரதத்தை நாவல் வரிசையாக, நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம் என்ற அளவில் தம் இணையதளத்தில் எழுதினார். 2020 ஜூலையில் ‘முதலாவிண்’ என்ற இருபத்தாறாம் நூலுடன் அது நிறைவடைந்தது. இதற்கு முன் 1997இல் வந்த அவருடைய ‘விஷ்ணுபுரம்’ வடசொற்கள் மிகுந்தது. 2005இல் வந்த ‘கொற்றவை’ சிலப்பதிகாரத்தின் மறுஆக்கம். அது தனித்தமிழில் அமைந்தது. ‘வெண்முரசு’ இந்த இரண்டாவது வழியைப் பெரும்பாலும் பின்பற்றியது.

வடமொழி இதிகாசத்தை வடசொல் குறைத்துச் சொல்வது துணிவான செயல். குதிரை புரவி ஆயிற்று, அம்பறாத்தூணி ஆவநாழி ஆயிற்று, தியானம் ஊழ்கம் ஆயிற்று. நூல்களின் பெயர்களிலேயே பழந்தமிழ் தெரிகிறது. ‘களிற்றியானை நிரை’ என்பது அகநானூற்றின் முதல் 120 பாடல்களைக் கொண்ட பகுதியின் பெயர். ‘கல்பொருசிறுநுரை’ குறுந்தொகையில் வரும் தொடர். அதைப் பாடிய புலவரின் இயற்பெயர் மறைந்து, அந்தத் தொடரே அவருக்குப் பெயராகிவிட்டது.

வாசகர்கள் இரு அணியாயினர். ஒவ்வொரு பக்கத்திலும் அகராதி தேடினால் கதையில் எப்படி ஒன்றுவது என்று ஒரு சாரார் கேட்டனர். பாத்திரங்கள் அனைவரும் ஒரே உயர்நடையில் பேசுவதாகவும் அவர்கள் குறை கூறினர். இன்றைய செய்தித்தாள் தமிழில் துரோணரும் கர்ணனும் பேசினால் அந்த உலகமே கலைந்துவிடும் என்றனர் மறுசாரார். நூறு பக்கம் பொறுத்தால் சொற்கள் தாமாகவே பழகிவிடும் என்பதும் அவர்கள் வாதம்.

இரண்டிலும் உண்மை உண்டு. திரும்பத் திரும்ப வரும் சொல் பழகிவிடும் என்பது வகுப்பறையில் நாள்தோறும் கண்டது. ஆனால் நூறு பக்கம் பொறுப்பதற்கு நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை எல்லா வீட்டிலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. தமிழாசிரியர் வீட்டுப் பிள்ளை தெரியாத சொல்லைக் கண்டால் சொல் கடினம் என்று நினைக்கும். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளை தனக்கு அறிவு போதாது என்று நினைக்கும். முதல் பிள்ளை பக்கத்தைப் புரட்டும், இரண்டாம் பிள்ளை புத்தகத்தை மூடும்.

உலக அரங்கில்

ஆங்கில மிகுபுனைவிலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. 1977இல் வெளிவரத் தொடங்கிய ஸ்டீபன் டொனால்ட்சனின் தாமஸ் கவனன்ட் நாவல்களில் வரும் அரிய சொற்களைப் பற்றி வாசகர்கள் இன்றும் வாதிடுகின்றனர். மிகுபுனைவுக்கு நடையே உயிர் என்றும், அன்றாடப் பத்திரிகை மொழி அதற்குப் போதாது என்றும் உர்சுலா லெ குவின் 1973இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். அதே கட்டுரையில் போலிப் பழமை நடையையும் அவர் கண்டித்தார்.

ஜீன் உல்ஃப் 1980 முதல் 1983 வரை நான்கு பகுதிகளாக வெளியிட்ட நாவலில் புதுச்சொல் படைக்காமல், மறந்துபோன பழஞ்சொற்களையே எடுத்தாண்டார். வாசகரான மைக்கேல் ஆந்த்ரே-திரியூசி அவற்றைத் தொகுத்து 1994இல் தனி அகராதியே வெளியிட்டார். நமது அரும்பதவுரையாசிரியர் செய்த அதே பணி இது.

முடிவுரை

கதையில் அருஞ்சொல் வருவது பிழையன்று என்பதையே இந்த வரலாறு காட்டுகிறது. அதை உரையில்லாமல் தனியே விடுவதுதான் குறை. வில்லிபாரதத்துக்குப் பிரசங்கியார் இருந்தார், திருப்புகழுக்கு உரைகாரர் இருந்தார், சிலப்பதிகாரத்துக்கு அரும்பதவுரை இருந்தது. இன்றைய நாவலின் இறுதியில் நான்கு பக்கம் சொற்பொருள் சேர்ப்பது பதிப்பாளருக்குப் பெரிய சுமையன்று. அது இல்லாத இடத்தில் ஆசிரியரும் நூலகரும் முன்பே படித்த வாசகரும் அந்தப் பணியைச் செய்யலாம்.

அந்த மாணவரிடம் அன்று தறியின் உறுப்புகளைச் சொல்லச் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னார். “இதுல பாதி எனக்கே தெரியாதுப்பா. அதனால எனக்குத் தமிழ் தெரியாதுன்னு ஆயிடுமா?” என்று கேட்டேன். சிரித்தார். பிறகு முதல் அத்தியாயத்தை இருவரும் வாய்விட்டுப் படித்தோம். தெரியாத சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பின் வரிகளைக் கொண்டே அவர் பொருள் சொல்லிவிட்டார். மீதியை அகராதியில் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

நூலை முடித்த பின் அதைத் தன் நண்பருக்குப் படிக்கக் கொடுத்தார். நோட்டையும் சேர்த்தே கொடுத்தார்.