கைநாட்டும் மின்கையொப்பமும்: இந்தியாவில் சான்றொப்பத்தின் வரலாறு

1858ஆம் ஆண்டு ஜூலை மாதம். வங்காளத்தின் ஜங்கிப்பூரில் ஆங்கிலேய ஆட்சியின் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைப் பணிக்குச் சரளைக்கல் வழங்குவதற்காக ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒப்பந்த வாசகத்தைக் கோனாய் தம் கைப்படவே வங்க மொழியில் எழுதினார். வழக்கப்படி அவர் கையொப்பமிட முனைந்தபோது ஹெர்ஷல் தடுத்தார். கோனாயின் உள்ளங்கையில் மை தடவித் தாளின் பின்புறத்தில் பதிக்கச் செய்தார். ‘இது என் கையெழுத்தன்று’ என்று கோனாய் பிற்பாடு மறுத்துவிடாதபடி அச்சுறுத்துவதே தம் நோக்கமாக இருந்தது என்று ஹெர்ஷல் பின்னாளில் எழுதினார்.

இந்நிகழ்வு கைரேகையியலின் தொடக்கமாகப் பாடநூல்களில் இடம்பெறுகிறது. ஆனால், கை பதிக்க வைக்கப்பட்டவர் எழுதத் தெரிந்தவர் என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. எழுத்தறியாமைக்கு மாற்றாக அங்கே ரேகை வரவில்லை. ஆளப்படுவோரின் எழுத்தை ஆள்வோர் நம்ப மறுத்ததன் விளைவாக வந்தது. 1877இல் ஹூக்ளி மாவட்டத்தில் ஓய்வூதியம் பெறுவோரிடமும் பத்திரம் பதிவோரிடமும் ஹெர்ஷல் இம்முறையைக் கையாண்டார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பதிவகம் அமைந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் அங்குப் பணியாற்றிய அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இருவரின் பங்கு பெரிது. முறைக்கு நிலைத்த பெயரோ அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது.

சொற்களின் வரலாறும் இதையே வேறொரு வகையில் காட்டுகிறது. தமிழ்க் கல்வெட்டுகளில் ஆவணத்திற்கு ஒப்பமிடுவோர் ‘இவை இன்னார் எழுத்து’ என்று முடிப்பர். எழுதவறியாதவர் இடும் அடையாளம் ‘தற்குறி’. அதற்கு எழுத்தறிந்த ஒருவர் சான்று கூற வேண்டும். தொடக்கத்தில் கீறலைக் குறித்த அச்சொல் பின்னர் கீறியவரைக் குறித்து, இறுதியில் வசைச்சொல்லாயிற்று. ‘கைநாட்டு’ என்ற சொல்லும் அதே வழியில் சென்றது. சட்டம் இவ்வகையில் பேச்சுவழக்கைவிட நாகரிகமானது: 1897ஆம் ஆண்டின் பொது வகைமுறைகள் சட்டம், பெயரெழுத இயலாதவர் இடும் குறியும் கையொப்பமே என்று வரையறுக்கிறது.

கையொப்பம் இன்னாருடையதுதான் என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது? 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், அக்கையெழுத்தோடு பழக்கமுள்ளவரின் கருத்து, வல்லுநரின் கருத்து, ஒப்புக்கொள்ளப்பட்ட வேறொரு கையெழுத்தோடு நீதிமன்றம் செய்யும் ஒப்பீடு எனப் பல வழிகளை ஏற்றது. இவ்வொப்பீடு இந்திய மண்ணுக்குப் புதியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பெரியபுராணத்தில், திருவெண்ணெய்நல்லூர் அவையினர் சுந்தரரின் பாட்டனார் எழுதியதாகக் காட்டப்பட்ட ஓலையை, காப்பிலிருந்த அவருடைய மற்றோர் ஓலையோடு ஒப்பிட்டே தீர்ப்பளிக்கின்றனர். கிழிக்கப்பட்டது படியோலை, மூல ஓலை வேறாக உள்ளது என்ற வாதமும் அங்கே எழுகிறது. மூலமும் படியும் வேறு என்ற இந்தக் கருத்துதான் தற்கால அலுவலக நடைமுறையின் அடித்தளம்.

அதன் சுமையை நெடுங்காலம் சுமந்தவர்கள் மாணவர்கள். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பவர் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களில் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் சான்றொப்பம் பெற வேண்டியிருந்தது. அத்தகைய அலுவலர் ஒருவரை உறவிலோ தெருவிலோ அறிந்த குடும்பங்களுக்கு அது ஒரு காலைப் பொழுதின் வேலை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவருக்கு அது முன்பின் அறியாத ஒருவரின் வாசலில் காத்திருக்கும் வேலை. நகல் மூலத்தோடு ஒத்திருக்கிறது என்பதற்கு மேல் அவ்வொப்பம் எதையும் சொல்லவில்லை; ஆயினும் அது இல்லாமல் விண்ணப்பம் நகராது. இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து, 2014இல் மைய அரசு சுய சான்றொப்பத்தை ஊக்குவித்தது. தம் ஆவணத்திற்குத் தாமே பொறுப்பேற்கும் தகுதி குடிமக்களுக்கு உண்டு என்று அரசு ஏற்க அத்தனை ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையில் கணிதம் வேறொரு வழியைத் திறந்திருந்தது. 1976இல் விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் பொதுத்திறவுகோல் மறையாக்கத்தை முன்வைத்தனர். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகியோர் அதற்கு நடைமுறை வடிவம் தந்தனர். ஒருவரிடம் இரண்டு திறவுகோல்கள் இருக்கும். ஒன்று கமுக்கமானது, மற்றது எவரும் அறியக்கூடியது. ஆவணத்திலிருந்து ‘ஹேஷ்’ எனப்படும் குறுகிய எண்கோவை கணிக்கப்படுகிறது. கமுக்கத் திறவுகோல் அதன்மீது செயல்பட்டுக் கையொப்பத்தை உருவாக்குகிறது; பொதுத்திறவுகோலைக் கொண்டு எவரும் அதைச் சரிபார்க்கலாம். ஆவணத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் சரிபார்ப்பு பொய்த்துவிடும். மையால் இட்ட ஒப்பம் எல்லாத் தாள்களிலும் ஏறத்தாழ ஒரே வடிவில் இருக்கும். மின்னணு ஒப்பமோ ஆவணத்திற்கு ஆவணம் வேறுபடும். ஆகவே ஒரு சான்றிதழிலிருந்து வெட்டி மற்றொன்றில் ஒட்ட இயலாது. மூலம், படி என்ற வேறுபாடும் இங்கே கரைந்துபோகிறது. பிழையின்றிப் படியெடுத்த ஒவ்வொரு கோப்பும் மூலமே.

எனினும், ஒரு பொதுத்திறவுகோல் இன்னாருடையதே என்று யாரேனும் சான்று கூறியாக வேண்டும். தற்குறிக்குச் சான்று கூறியவரின் இடத்தில் இப்போது சான்றளிக்கும் அமைப்பு வந்து நிற்கிறது. ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 1996 டிசம்பரில் ஏற்ற மின்வணிக மாதிரிச் சட்டத்தை அடியொற்றி எழுந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 அக்டோபர் 17 அன்று இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. சான்றளிக்கும் அமைப்புகளுக்கு உரிமம் வழங்கக் கட்டுப்பாட்டாளர் பதவியையும் அது உருவாக்கியது. முதல் உரிமம் 2002இல் வழங்கப்பட்டது. சட்டம் கோரும் கையொப்பத்தை மின்னணு முறையில் இட்டாலும் செல்லும் என்கிறது 5ஆம் பிரிவு. உயில் போன்ற சில ஆவணங்கள் மட்டும் விலக்கப்பட்டுள்ளன. ஒரே தொழில்நுட்பத்தைச் சார்ந்திருந்த ‘டிஜிட்டல் கையொப்பம்’ 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ‘மின்னணுக் கையொப்பம்’ என விரிந்தது.

2015இல் மூன்றாம் கட்டம் தொடங்கியது. ஆதார் வழியே அடையாளத்தை உறுதிசெய்து இணையத்திலேயே ஒப்பமிடும் ‘இ-சைன்’ முறைக்கு அவ்வாண்டு விதிகள் வந்தன. டிஜிலாக்கர் அதே ஆண்டு ஜூலையில் தொடங்கப்பட்டது. அதன்வழி வழங்கப்படும் ஆவணங்கள் மூல ஆவணங்களுக்கு நிகரானவை என்று 2017ஆம் ஆண்டு விதித்திருத்தம் கூறுகிறது. பட்டங்களையும் மதிப்பெண் பட்டியல்களையும் சேமிக்கும் தேசியக் கல்விசார் ஆவணக் காப்பகமும் 2017இல் தொடங்கப்பட்டு, பின்னர் டிஜிலாக்கரோடு இணைந்தது. இ-சைன் முறையில் ஒப்பமிடுபவர் திறவுகோலைத் தம்மிடம் வைத்திருப்பதில்லை. ஒவ்வோர் ஒப்பத்திற்கும் புதிதாக ஒரு திறவுகோல் இணை உருவாகிறது. பணி முடிந்ததும் அழிகிறது. அவர் தருவது ஒருமுறைக் கடவுச்சொல் அல்லது விரல் ரேகை. ஜங்கிப்பூரில் தாளின் பின்புறம் பதிந்த கை, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் கையொப்பத்தின் வாயிலாகவே திரும்பி வந்திருக்கிறது. உடல் உழைப்பால் ரேகை தேய்ந்தவரும் கைப்பேசி எண் மாறிப்போனவரும் அவ்வாயிலில் நின்றுவிட நேர்கிறது என்பதையும் இவ்வரலாற்றோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

நடைமுறையில் மூன்று குழப்பங்கள் நீடிக்கின்றன. முதலாவது, வருடியெடுத்த கையொப்பப் படத்தைக் கோப்பில் ஒட்டுவதையே மின்கையொப்பம் எனக் கருதுவது. அந்தப் படத்தை எவரும் நகலெடுக்கலாம். அதில் கணிதக் காப்பு எதுவுமில்லை. இரண்டாவது, மின்னணுச் சான்றிதழை அச்சிட்டுக் கேட்பது. கையொப்பம் உறைவது கோப்பில்தான். அச்சுத்தாளில் எஞ்சுவது அதன் நிழலே. விரைவுக் குறியீடு போன்ற வேறு சரிபார்ப்பு வழி இல்லையேல் அத்தாள் எதையும் மெய்ப்பிக்காது. மூன்றாவது, திறவுகோலின் காவல். அதைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் கடமையை 42ஆம் பிரிவு உரியவர்மீதே சுமத்துகிறது. துறைத்தலைவரின் டோக்கனும் கடவுச்சொல்லும் உதவியாளரின் மேசையில் கிடக்குமானால், கணிதம் எத்துணை வலுவானதாயினும் அவ்வொப்பம் யாருடையது என்ற கேள்வி எஞ்சும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது 9ஆம் பிரிவு. அரசுத் துறைகள் விண்ணப்பத்தையும் அனுமதியையும் பணவழங்கலையும் மின்னணு முறையில் கையாள 6ஆம் பிரிவு வழிவிடுகிறது. ஆனால், அவ்வாறே ஏற்றாக வேண்டும் என்று துறைகளை வற்புறுத்தும் உரிமையை அப்பிரிவு எவருக்கும் அளிக்காது என்கிறது 9ஆம் பிரிவு. மின்னணு ஒப்பத்தின் செல்லுபடியைச் சட்டம் ஏற்கிறது. அதை ஏற்கச் செய்யும் வலிமையை மாணவரின் கையில் தரவில்லை. கோப்பைச் சரிபார்த்த பின்னரும் ‘மூலச் சான்றிதழோடு நேரில் வரவும்’ என்று எழுதும் அலுவலகம் சட்டத்தை மீறவில்லை. எழுதத் தெரிந்த கோனாயின் எழுத்தை ஏற்க மறுத்த அந்தப் பழைய ஐயத்தை அது கைவிடவில்லை, அவ்வளவே.